நாலு கொக்கி

— ஒரே ஒரு வரிதானேக்கா கேக்கறேன்! மூணு கொக்கி மாட்டினாலும் கிரேன் தூக்கணும். எழுதிவிட்டா வேலை முடிஞ்சுது.

— முதல்ல அந்த ஹெல்மெட்டை மேசையிலேர்ந்து எடுடா. மேலெல்லாம் கிரீஸ். நாலாவது கொக்கிக்கு என்ன வந்துச்சு?

— வாரம் தவறாம கிரீஸ் போட்டும் தேஞ்சு போச்சு. புதுசு வர நாளாகும். சாயங்காலத்துக்குள்ள சரக்கு கப்பல் ஏறணும்னு மேஸ்திரி ஒத்தக் கால்ல நிக்கறாரு. ‘உங்க அக்காதானே இந்தக் கிரேனுக்குப் புரோகிராம் எழுதறா, போய்ச் சொல்லு’ன்னு சாப்பிடக்கூட விடாம துரத்திட்டாரு.

— அவர் துரத்தினாராம், இவர் ஓடி வந்தாராம். சரி, நீயே பாரு. ஒவ்வொரு கொக்கியிலயும் எவ்வளவு பாரம்னு எண் வரும். ‘இந்தப் புரோகிராமுக்குள்ள வர்றது நாலு எண், கூடவும் கூடாது, குறையவும் கூடாது’ன்னு மேலேயே எழுதி வச்சிருக்கேன். மூணுதான் வந்துதுன்னா வாசல்லயே மறிச்சுடும், கிரேன் நின்னுடும். இப்ப உன் ஆசைக்கு, ‘மூணு வந்தா இப்படித் தூக்கு’ன்னு கீழ ஒரு வரி. போட்டாச்சு.

— சிவப்பா என்னமோ வருதே!

— அதான் கம்பைலர். நான் எழுதறது கிரேன் கைக்குப் போறதுக்கு முன்னாடியே படிச்சுப் பார்க்கிற ஆளுன்னு வச்சுக்க. ‘இங்க மூணு வர வழியே இல்ல, வராதவனுக்கு எதுக்கு நாற்காலி போடறே’ங்குது.

— கிரேன் இன்னும் அசையவே இல்லையேக்கா!

— அசைய வேண்டாம். ஓடி விழுந்து எழுந்து சொல்றது இல்ல இது. படிச்சே சொல்லிடும்.

— அம்மாடி! நாங்கல்லாம் சங்கிலி அறுந்த பிறகுதான் அது அறும்னே தெரிஞ்சுக்குவோம். சரி, நாலு எண்ணுல மூணை மட்டும் சொல்லிட்டு, நாலாவதைக் கண்டுக்காம விட்டுப் பாரு.

— இந்தா. மறுபடியும் சிவப்பு. ‘வர்றது நாலு, நீ சொன்னது மூணு’ங்குது.

— அப்ப நாலையும் சொல்லிட்டு, கீழ பொத்தாம்பொதுவா ‘மத்தது எது வந்தாலும் தூக்கு’ன்னு ஒண்ணு போட்டு வாயை அடை.

— போட்டேன். என்ன சொல்லுது தெரியுமா? ‘நாலையும் சொன்ன பிறகு மத்ததுன்னு மிச்சம் எதுவுமில்ல.’

— கையைப் பாருக்கா, முடி எப்படி நிக்குதுன்னு! எங்க யார்டுல மேஸ்திரி முகத்தைப் பார்த்து ‘முடியாது’ன்னு ஒருத்தன் சொன்னதில்ல. இது கொக்கியைக் கண்ணால பார்த்ததில்ல, இரும்பு எப்படிக் கனக்கும்னு தெரியாது. இங்க குளுகுளுன்னு உட்கார்ந்துகிட்டு, இன்னும் நடக்காத தப்பை வேண்டாங்குது! இதை ஏமாத்தவே முடியாதா?

— முடியும்.

— ஆங்?

— மூணாவது கொக்கியோட எண்ணையே நாலாவதுக்கும் எழுதிக் குடுத்தா நம்பிடும். அதுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும். பொய்யைச் சொல்ல வேண்டியது நான்.

— அப்போ... சொல்லிடேன்க்கா. இந்த ஒரு தடவை. வெறுங்கையோட போய் நின்னா சரக்கைத் தூக்கறாரோ இல்லையோ, என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாரு.

— சரக்கு அந்தரத்துல தொங்கும்போது கீழ நின்னு கயிறு பிடிக்கிறது யாரு?

— யாரோ புதுசா வந்தவனுங்க. எனக்கென்ன வந்துச்சு? நான்தான் போன மாசமே வாசல் கேட்டுக்கு மாறிட்டேனே, அம்மாகிட்டகூடச் சொன்னேனே. கூரைக்குக் கீழ நாற்காலி, வர்ற வண்டியை உள்ள விடணும், அவ்ளோதான்.

— அப்படியா?

— சத்தியமாக்கா.

— கேட்டுல கூரைக்குக் கீழ உட்கார்றவன் ஹெல்மெட்டுல மேலேர்ந்து கிரீஸ் எப்படிடா சொட்டுச்சு?