பாதி பாஸ்வேர்டு

— ‘என் கவனக்குறைவால்’னு ஆரம்பிங்க அண்ணி. பதினோரு மணிக்குள்ள டைரக்டர் மேசைல விளக்கக் கடிதம் இருக்கணும்.

— இரு குட்டி, பறக்காதே. என்ன கவனக்குறைவு? அதை முதல்ல எனக்குப் புரிய வை.

— நேத்து மத்தியானம் ரிசல்ட் அனுப்பற கம்ப்யூட்டரோட செட்டிங்ஸ் ஃபைல்ல கை வச்சீங்க. அப்புறம் மூணு மணி நேரம் நம்ம லேபிலேர்ந்து ஒரு ரத்தப் பரிசோதனை ரிசல்ட்கூட வார்டுக்குப் போகல. ஒரு பெரியவருக்கு ரத்தம் ஏத்த லேட்டாச்சு. இதுக்கு மேல என்ன புரியணும்?

— அவர் இப்போ எப்படி இருக்காராம்?

— எழுந்து உட்கார்ந்து நர்ஸோட சண்டை போடறாராம். அவரை விடுங்க. உங்க வேலையே ஊசலாடிட்டிருக்கு!

— நான் தொட்டது ஒரே ஒரு வரி. வார்டு கம்ப்யூட்டருக்குள்ள போற பாஸ்வேர்டு நடுவுல ‘#’னு ஹேஷ் குறி இருந்துச்சு. சுத்தி மேற்கோள் குறி போட்டேன், அவ்வளவுதான். போடலேன்னா ஹேஷுக்கு அப்புறம் வர்றதெல்லாம் வெறும் குறிப்புன்னு மெஷின் தள்ளிடும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதானே?

— இல்லைங்கல.

— அப்போ சரியாச் செஞ்சது எப்படி உடைஞ்சுது? மண்டை காஞ்சு போச்சு. காலைல ஆறு மணிக்கே வந்து தோண்டினேன். மூணு வருஷமா மெஷின் பாதி பாஸ்வேர்டைத்தான் படிச்சிருக்கு. வார்டு கம்ப்யூட்டர் ஃபைல்லயும் அதே வரி, மேற்கோள் குறி இல்லாம. இங்கயும் பாதி, அங்கயும் பாதி. ரெண்டும் ஒத்துப்போனதால எல்லாம் ஜோரா ஓடியிருக்கு. நான் ஒரு பக்கத்தை மட்டும் முழுசாக்கினேன். ரெண்டும் ஒத்துப்போகல, கதவு சாத்திக்கிச்சு.

— இருந்தாலும், மாத்தினதும் ஒரு ரிசல்ட்டை அனுப்பிச் சோதிச்சிருக்கணும் இல்லையா?

— சோதிச்சிருக்கணும். சாப்பிட வீட்டுக்குப் போற அவசரத்துல விட்டுட்டேன். அது என் தப்புதான். அந்தப் பெரியவரோட மக வார்டு வாசல்ல நிக்கறா, போய் மன்னிப்புக் கேக்கப் போறேன்.

— அப்போ அதை மட்டும் எழுதுங்க. பழைய வரி, மூணு வருஷம், பாதி பாஸ்வேர்டு, அதெல்லாம் எதுக்கு? கிளறினா ஊர்ப்பட்ட கேள்வி வரும்.

— யாருக்கு வரும் குட்டி?

— பொதுவாச் சொல்றேன் அண்ணி. எனக்கு இந்த வாரம் பதவி உயர்வு ஆர்டர் வருது. நான் மேல போயிட்டா உங்களுக்காக நாலு வார்த்தை பேசலாம். அண்ணன்கூட அதைத்தான் சொன்னான்.

— அந்த வரியை யார் எழுதினாங்கன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?

— நாங்க நாலு பேர் மாறி மாறி உட்கார்ந்த நாற்காலி அது. யாரைன்னு சொல்றது?

— நல்லா யோசிச்சுச் சொல்லு.

— யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? பேனாவை எடுங்க அண்ணி, மணி பத்தே முக்கால்.

— பேனா எதுக்கு? கடிதத்தை எட்டு மணிக்கே கொடுத்துட்டேன். என் தப்பை எழுதியிருக்கேன், பழைய வரியைப் பத்தியும் எழுதியிருக்கேன். யார், என்னிக்கு மாத்தினாங்கன்னு மெஷின் குறிச்சு வச்சிருக்கு, அதுல உன் பேரைப் பார்த்தேன். அதை மட்டும் எழுதல. யாருன்னு டைரக்டர் கேட்டார். ‘அவங்களே வந்து சொல்லுவாங்க சார்’னு உன்னை நம்பிச் சொல்லிட்டு வந்திருக்கேன்.