நரி இல்லாத ஊர்

ஆடுகளை எனக்குப் பிடிக்கும். காதைப் பிடித்தால் அடங்கி நிற்கும், எதையும் கேட்காது. அவற்றை வளர்க்கிறவர்கள்தான் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

பாண்டியில் ஒரு கால்நடை இன்சூரன்ஸ் கம்பெனியில் நான் ஆய்வாளர். காட்டு விலங்கு அடித்த ஆட்டுக்கு இழப்பீடு உண்டு, தெரு நாய் கடித்ததற்குக் கிடையாது. அரியாங்குப்பத்துக்கு அந்தப் பக்கம் செத்த ஒவ்வோர் ஆட்டுக்கும் நாய் என்றே எழுதினேன். அங்கே நரியே கிடையாது என்று மேலிடத்தில் சொல்லிவைத்திருந்தேன். பாராட்டினார்கள். நாய் என்று எழுதும்போதே அது நரிதான் என்று எனக்குத் தெரியும், இன்ஸ்பெக்டர். ஆனால் கை நீட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரியும்.

அங்கே அஞ்சலாட்சி என்பவளின் ஆட்டுப்பட்டிக்குள் நரி பட்டப்பகலில் புகுந்து ஓர் ஆட்டைக் கடித்துக் கொன்றது. ஆட்டைப் பிடுங்கப் போனவளின் மணிக்கட்டிலும் பல் பட்டுவிட்டது. அவள் புருஷன் இருசப்பன் நரியை அடித்துக் கொன்று, எனக்குக் காட்டவென்றே வைத்திருந்தான். வாயோரம் நுரை காய்ந்திருந்தது. தாடையைத் திறந்து பார்த்தேன். வெறி பிடித்த நரி.

"இதுக்கு மேல என்னா சார் சாட்சி வோணும்? போன தடவையும் நாய்னு எழுதிட்டுப் போனீங்க" என்று இருசப்பன் கத்தினான்.

என்னிடம் யாரும் அப்படிக் கத்தியதில்லை. அவள் மட்டும் தணிந்த குரலில் கேட்டாள்: "பெரியாஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டுக்கட்டுமா சார்?"

போனால் நரிக்கடி என்று அங்கே பதிவாகும். நான் எழுதிய நாய்களெல்லாம் பொய்யாகிவிடும்.

"இப்பப் போனா நாய்க்கடின்னு எழுதிடுவாங்கம்மா. அப்புறம் ஆட்டுக்கு ஒண்ணும் கெடைக்காது. நரின்னு நான் முடிச்சுக் குடுத்துடறேன். அதுக்கப்புறம் போட்டுக்கலாம்."

இருசப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். நரியைப் புதைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எதையும் முடித்துக் கொடுக்கவில்லை. அவள் போன் செய்தபோதெல்லாம், "இன்னும் கொஞ்சம் பொறுங்கம்மா" என்றேன்.

மாதம் திரும்புவதற்குள் தண்ணீர்ச் சொம்பைக் கண்டு அலற ஆரம்பித்தாள். அவள் இறந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலிலேயே இருசப்பன் என் சட்டையைப் பிடித்தான்.

"நீங்க சொன்னீங்கன்னுதான சார் போவல. வெறி நரின்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். என் விரலில் ஒரு சின்னக் கீறல் இருந்தது, அந்த விரலால்தான் நரியின் வாயைத் தொட்டிருந்தேன். நரியைப் பார்த்த அன்று மாலையே ரெட்டியார்பாளையத்தில் எனக்கு ஊசி போட்டுக்கொண்டேன்.

இருசப்பனை நான் மன்னித்துவிட்டேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். ஆனால் நீங்களும் கொலை என்கிறீர்களே, அதைக் கேட்டால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஊசி வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றுதான் சொன்னேன்.