இன்னொரு டேக் போகலாம்

பதிவு செய்வதானால் முதலில் அந்த மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கிறீச் கிறீச்சென்று சத்தம் போடுகிறது. நேரில் கேட்கும்போது நம் காது அதை ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது. எங்கள் சவுண்டுக்காரர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அவர்தானே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்தது? அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல மனிதர், வேலையில் சுத்தம்.

நாங்கள் எடுத்தது ஒரு பயணப் படம். கதை சின்னது. லாரி ஓட்டி ஓய்ந்துபோன அப்பாவை மகன் ஒரு பழைய வேனில் ஏற்றிக்கொண்டு கடல் பார்க்கப் போகிறான். வழியில் சாலையோர டீக்கடையில் நிற்கும்போது ஃபோன் வருகிறது. வீட்டில் அம்மா இறந்துவிட்டாள். மகன் அதை அப்பாவிடம் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி ஆகிறது என்பதில்தான் மொத்தப் படமும் நிற்கிறது. மகனாக நானே நடிப்பதாக இருந்தது, வேறு ஆளுக்கு வழியில்லை. அப்பாவாக நடிக்க ஒப்புக்கொண்ட நாடக நடிகர் கிளம்பும் சமயத்தில் கைவிரித்துவிட்டார். டிவி தொடரில் வாய்ப்பாம். தலையில் கைவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஹாலில் என் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத கியரை மாற்றிக்கொண்டிருந்தார்.

அவரும் லாரி ஓட்டியவர்தான். கதையை எழுதியதே அவரை நினைத்துத்தான். கொஞ்ச காலமாக அவருக்கு மறதி. சாப்பிட்டதை மறந்துவிடுவார். என்னைத் தன் பழைய கிளீனர் என்று நினைத்துக்கொண்டு டயரைத் தட்டிப் பார்க்கச் சொல்வார். அவர் மறக்காத ஒரே ஆள் அம்மா. திடீரென்று பயம் வந்தால், “அவ எங்க?” என்று கேட்பார். வீட்டில் இருக்கிறாள், உங்களுக்காகக் காத்திருக்கிறாள் என்று சொன்னால் போதும், பச்சைக்குழந்தை மாதிரி அடங்கிவிடுவார்.

அம்மா தடுக்கவில்லை. அவளே அவருடைய சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

“ரோட்டுல போனா அவருக்கும் நல்லாருக்கும்டா. பயந்துட்டார்னா மட்டும் நான் இருக்கேன்னு சொல்லிடு. வேற ஒண்ணும் வேணாம் அவருக்கு.”

சரி என்றேன். பொய்யாகச் சொல்லவில்லை.

வேனில் முன்சீட்டில் உட்கார்ந்ததும் அப்பாவுக்கு வயது குறைந்துபோனது. வளைவு வரும்போதெல்லாம் அவர் வலதுகால் பிரேக் தேடியது. லாரிகளைப் பார்த்துக் கையசைத்தார். கேமராவைப் பார்த்துக் கூச்சப்படவே இல்லை, அது இருப்பதே அவருக்குத் தெரியாது. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

டீக்கடைக் காட்சியில்தான் சிக்கல். “அம்மா இறந்துட்டதா நினைச்சுக்கோங்கப்பா” என்றேன். சிரித்தார். “வீட்ல இருக்காடா அவ. லூசு மாதிரி பேசாத” என்றார். எத்தனை விதமாகச் சொல்லிக் கொடுத்தும் அதே சிரிப்பு. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. கடையை மூட வேண்டும் என்று கடைக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். நான் ஃபோனைக் காதில் வைத்தேன், எடுத்தேன், அப்பாவின் முழங்காலருகே குந்தினேன்.

“அப்பா, அம்மா போயிட்டாங்கப்பா.”

வசனமாகச் சொல்லவில்லை, மகனாகச் சொன்னேன். அந்த வித்தியாசம் அப்பாவுக்குத் தெரியும். உடைந்து அழுதார்.

குழுவில் யாருக்கும் நான் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. அது என் தவறு. சவுண்டுக்காரர் நிஜமாகவே அம்மா இறந்துவிட்டதாக நினைத்து, ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் கழியில் பிடித்திருந்த பூம் மைக் ஃப்ரேமுக்கு நடுவில் விழுந்து கிடந்தது. டேக் வீண். அவரைத் தனியே அழைத்துப்போய், அம்மா நன்றாக இருக்கிறாள், சற்றுமுன் பேசினேன் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெத்தவர் சார் அவரு.”

“மறந்துடுவார். பாருங்க வேணும்னா.”

அப்படியே நடந்தது. கொஞ்ச நேரத்தில் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீயை ஊதிக் குடித்தார். “உங்கம்மா சாப்பிட்டாளா?” என்று கேட்டார். அந்த அழுகை வந்த சுவடே இல்லை. நீங்களே சொல்லுங்கள், எந்த இயக்குநருக்கு இப்படி ஒரு நடிகர் கிடைப்பார்? அவருக்கு ஒவ்வொரு முறையும் அதுதான் முதல் முறை.

மறுநாள் அதே கடைக்கு வந்தோம். நியாயமான காரணம் இல்லாமல் நான் ஒருமுறைகூடத் திரும்ப எடுக்கவில்லை. ஒரு டேக்கில் பஸ் ஹாரன் விழுந்தது. ஒன்றில் ஃபோகஸ் போனது. ஒன்றில் அப்பா கைகளால் முகத்தை மூடிக்கொண்டார், எதுவுமே தெரியவில்லை. இன்னொரு டேக் போகலாம் என்றேன். குரலை உயர்த்தியதே இல்லை. சவுண்டுக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். நீங்கள் போனால் சத்தம் சரியாக விழாது, மறுபடி அப்பாவிடம் அதையேதான் சொல்ல வேண்டியிருக்கும் என்று விளக்கினேன். புரிந்துகொண்டார். திரும்பி வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். எங்களில் யாரையும்விட அப்பாவின் மூச்சை அருகில் கேட்டவர் அவர்தான், பாவம்.

கடைசி டேக்கில் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஃபோனைக் கையில் எடுத்தேன், அவ்வளவுதான். அப்பா அதையே பார்த்தார்.

“வேணாம்டா.”

“எதுப்பா வேணாம்?”

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். நான் சொன்னேன். படத்தில் இருப்பது அந்த டேக். சத்தமும் சுத்தமாக விழுந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கதவைத் திறந்தாள். அப்பா ஒதுங்கி நின்று, வெளியாளிடம் பேசுவதுபோல மரியாதையாகக் கேட்டார்.

“யாரும்மா நீங்க? துக்கம் கேக்க வந்தீங்களா?”

வழியில் என்ன நடந்தது என்று அம்மா கேட்டாள். வெயில் அதிகம், களைப்பு என்றேன். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். எல்லாவற்றையும் மறக்கிறவர் இதை மட்டும் எப்படிப் பிடித்துவைத்துக்கொண்டார் என்று மருத்துவருக்கே தெரியவில்லை. கல்யாணப் போட்டோவைக் காட்டினால் படத்திலிருக்கும் அம்மாவைத் தொட்டு அழுகிறார். பக்கத்தில் நிற்கும் அம்மாவை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

படம் ஒரே தியேட்டரில், காலைக் காட்சியாக வெளியானது. ஈ காக்காய் இல்லை. ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் பெரியவரைப் பற்றியே பேசினார்கள். அம்மாவும் வந்தாள். டீக்கடைக் காட்சி முடியும்வரை அசையவில்லை.

“நான் செத்ததுக்கு நல்லாத்தான் அழுதிருக்கார்” என்றாள். பிறகு கேட்டாள், “எத்தனை தடவைடா சொன்ன?”

“ஒரே தடவைதாம்மா.”

பின்வரிசையில் இருந்த சவுண்டுக்காரர் எழுந்து வெளியே போனார். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார்.

இப்போது அந்த வீட்டில் அம்மா சமையல்காரி மாதிரி இருக்கிறாள். அவள் போடும் டீயைக் குடித்துவிட்டு, என் வீட்டுக்காரி கைப்பக்குவம் அப்படியே இருக்கும்மா என்று அவளிடமே சொல்லி அழுகிறார். அவளும், அவங்க எப்படி இருப்பாங்க என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். தினமும் சொல்கிறேன். அவர் என் வாயைப் பார்ப்பதில்லை, கையில் ஃபோன் இருக்கிறதா என்று பார்க்கிறார். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இவ்வளவுதான். ஆமாம், நான்தான் செய்தேன். அவரைத் துன்புறுத்துவது என் நோக்கமல்ல, ஒரு நல்ல டேக் வேண்டும், அவ்வளவே. எல்லாம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். மின்விசிறியை நீங்கள் கடைசிவரை நிறுத்தவே இல்லை. சத்தம் சரியில்லையென்றால் முதலிலிருந்து மறுபடி சொல்கிறேன். எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன், எனக்கு ஒன்றும் ஆகாது.