மாடி ஏறிப் பெற்றவள்

சின்னவள்: ...வலி வந்ததும் படுத்துடக் கூடாதுக்கா. படுத்தா அப்படியே நின்னுடும். நடக்கணும்.

பெரியவள்: மாடிப்படியிலயா?

சின்னவள்: மாடிதான்னு இல்ல... எங்க வேணா நடக்கலாம்.

அத்தை: எங்க வேணான்னா? மாடிதான். முதல் பிள்ளைய ஆபரேஷன் பண்ணி எடுத்த உடம்பு. ரெண்டாவதத் தானாப் பெத்தே தீருவேன்னு ஏறி ஏறி இறங்கினா பாரு, ஆஸ்பத்திரியே வாயப் பொளந்துச்சு. எதிர்வீட்டு டீச்சர் மகளுக்குக்கூட இவதான் வகுப்பெடுத்தா.

பெரியவள்: தெரியும் அத்தை. இந்த வீட்டுச் சுவத்துக்கும் தெரியும்.

அத்தை: மூத்த மருமக, நிறைமாசம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். உனக்கும் முதல்ல கத்திதான், அவளுக்கும் கத்திதான். அவளால முடிஞ்சது உன்னால முடியாதா...

பெரியவள்: உள்ள பிள்ளை சிணுங்குதே, பாக்குறீங்களா?

அத்தை: அப்படியே பேச்ச மாத்து... வரேண்டா தங்கம், வரேன்.

பெரியவள்: போயிட்டாங்க. இப்பச் சொல்லு. எத்தன தடவ ஏறின?

சின்னவள்: எண்ணிக்கிட்டா இருந்தேன்... ரெண்டு தடவ இருக்கும்.

பெரியவள்: போன மாசம் அத்தை அஞ்சுன்னாங்க. இன்னிக்கு ஏழு.

சின்னவள்: அவங்க வாயில அந்தக் கட்டடம் வளர்ந்துக்கிட்டே போகுது. அத விடுங்க, உங்க டாக்டர் என்ன சொன்னாங்க?

பெரியவள்: ஆபரேஷன்தானாம். முதல் தடவ கர்ப்பப்பைய மேலிருந்து கீழ நெடுக்க வெட்டியிருக்காங்களாம். வலி எடுத்தா அந்த இடம் பிரிஞ்சாலும் பிரியுமாம். நான் வேண்டாம்னுட்டேன்.

சின்னவள்: எத?

பெரியவள்: ஆபரேஷன. தேதிகூடக் கொடுத்தாங்க. வரலன்னுட்டேன்.

சின்னவள்: விளையாடாதீங்கக்கா.

பெரியவள்: நீ மட்டும் தானாப் பெத்துக்குவ, நான் மட்டும் கிழிச்சுக்கணுமா? எங்க வீட்டுல லிஃப்ட் பக்கமே போறதில்ல இப்பல்லாம்.

சின்னவள்: எனக்கு அடியில குறுக்கு வெட்டு. தானாப் பொறக்குதான்னு பாக்கலாம்னு டாக்டரே சொன்னாங்க. உங்களுது வேற.

பெரியவள்: அத்தைக்கு நெடுக்கும் குறுக்கும் ஒண்ணுதான்.

சின்னவள்: அத்தையா வந்து பெக்கப் போறாங்க?

பெரியவள்: அட... இத்தன நாளா அந்தப் பேச்சுல குளிர்காஞ்சவ நீதான? மூச்சு எப்படி விடணும், அதச் சொல்லு.

சின்னவள்: அக்கா... அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்க.

பெரியவள்: சாத்தியாச்சு.

சின்னவள்: நான் நடக்கறதுக்காக மாடி ஏறல.

பெரியவள்: பின்ன?

சின்னவள்: வலி தாங்கல. நர்ஸ் என்னடான்னா, நல்லாத்தான் போகுது, பொறுத்துக்கோன்னே சொல்லிட்டிருந்தா. அவ அந்தப் பக்கம் திரும்பினதும் எழுந்துட்டேன். ஆபரேஷன் தியேட்டர் மூணாவது மாடி. லிஃப்ட் ஓடல. டாக்டரத் தேடி ஏறினேன்... அறுத்து எடுத்துடுங்கன்னு கெஞ்சறதுக்கு.

பெரியவள்: அடிப்பாவி.

சின்னவள்: உள்ள வேற ஒருத்திக்கு ஆபரேஷன் நடக்குது, பொறுன்னாங்க. இறங்கினேன். முடியல. திரும்ப ஏறினேன். கதவப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். நர்ஸ் வந்து கைத்தாங்கலா இறக்கிட்டுப் போனா. கட்டில்ல படுக்கக்கூட இல்ல, பிள்ளை தலை தெரியுதுன்னுட்டா.

பெரியவள்: என் கொழுந்தனுக்காவது தெரியுமா?

சின்னவள்: அவர் கார நிறுத்த இடம் தேடிக்கிட்டிருந்தார். பிள்ளை பொறந்தப்புறம்தான் இடம் கிடைச்சுது.

பெரியவள்: சரிதான்.

சின்னவள்: கண்ண முழிச்சா, அத்தை ஊருக்கே போன் போட்டுட்டிருக்காங்க, மருமக மாடி ஏறியே பெத்துட்டான்னு. எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ. மறுக்க எனக்கு வாய் வரலக்கா. முதல் பிள்ளைக்கு, சும்மா படுத்திருந்தா, எடுத்துக் கையில கொடுத்தாங்கன்னு அத்தையோட இதே வாய்தான் சொல்லிச்சு. இந்தத் தடவ மெச்சினப்ப... ஆசையா இருந்துச்சு.

பெரியவள்: ம்...

சின்னவள்: இப்பவே அத்தைகிட்டப் போய் உண்மையச் சொல்லிடறேன். நீங்க டாக்டருக்கு போன் பண்ணுங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யார் மூஞ்சியில முழிப்பேன்...

பெரியவள்: உக்காரு. அவங்ககிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்.

சின்னவள்: அப்ப ஆபரேஷன்?

பெரியவள்: நாளைக்குக் காலையில. பை கீழ கார்லயே இருக்கு. வேண்டாம்னெல்லாம் நான் யார்கிட்டயும் சொல்லல.

சின்னவள்: பின்ன ஏன் என்னப் போட்டு இந்தப் பாடு படுத்தினீங்க?

பெரியவள்: இத்தன மாசமா அந்த மாடிய என் தலையில வச்சுத்தான கட்டினாங்க. கத்திக்குப் போறதுக்கு முன்னால ஒரு தடவ உன் வாயால கேட்டுட்டுப் போகணும்னு இருந்துச்சு.

சின்னவள்: என் வாயாலயா... அப்ப முன்னாடியே தெரியுமா? யார் சொன்னா?

பெரியவள்: யார் சொல்லணும்? அன்னிக்கு வெந்நீர் ஃபிளாஸ்க்கோட உன்னத் தேடி மேல வந்தவ நான்தான். நீ கதவப் பிடிச்சு அழுததையும் பாத்தேன், நர்ஸ் உன்னத் தாங்கிப் பிடிச்சதையும் பாத்தேன். பாத்தேன்னு தெரிஞ்சா கூசிப்போயிடுவன்னு சத்தமில்லாம இறங்கிட்டேன். கீழ அத்தை, எங்கடி அவளக் காணோம்னாங்க. கத்தியக் கேட்டு அழறான்னு சொன்னா காலத்துக்கும் உன்னக் குத்திக்காட்டுவாங்களேன்னு... பிள்ளை சீக்கிரம் வரணும்னு மாடி ஏறி இறங்கறா அத்தைன்னு சொல்லிவச்ச புண்ணியவதி நான்தான்டி.