ராக்காயி மில்லுக்கு மொழியாய் நின்ற எல்ஸி அம்மையார்

வண்ணம் குழைத்து வரைபடம் வளர்த்த வளைக்கரத்தீர்! ஈப்போவின் தெருக்களையெல்லாம் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டுத் துலங்கச் செய்தவரே! சொல்லில் சுருக்கமும் செயலில் செம்மையும் சிரிப்பில் சிக்கனமும் சேர்ந்து சமைந்த எங்கள் எல்ஸி அந்தோணிமுத்து அம்மையீர்! நகராண்மைக் கழகத்தின் திட்டப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் நின்று நிலைத்து நற்பணி ஆற்றி, 1986ஆம் ஆண்டின் இந்த மழைக்கால மாலையில் எங்களிடம் விடைபெறும் உங்களை, உடன் உழைத்த தமிழ்ப் பணியாளர்கள் நாங்கள், நெஞ்சம் நெகிழ வணங்கி, இம்மடலை வாசித்து அளிக்கிறோம்.

நேருக்கு நேர் புகழ்ந்தால் ‘போதும்லா, டீ ஆறுது’ என்று எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே தயவுசெய்து அமர்ந்திருங்கள். உங்களைப் பற்றி, நீங்கள் இல்லாதது போல, அவையோரிடம் சொல்லிக்கொள்கிறோம்.

அவையோரே! எல்ஸி அம்மையார் பீடோருக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் மகள். படம் வரையும் கை ஒன்றை மட்டும் துணையாகக் கொண்டு இருபத்திரண்டாம் வயதில் ஈப்போவுக்கு வந்தார். அந்நாளில் நகரத் திட்டப் படங்களுக்கு நீர்வண்ணம் தீட்டுவது கைவேலை. வீடுகளுக்கு இளம்பழுப்பு, கடைகளுக்கு நீலம், தொழிற்சாலைகளுக்கு ஊதா, திடல்களுக்குப் பச்சை. ஒரு மதியம் முழுவதும் ஒரே தாமானை, ஒரே வீட்டுக் குடியிருப்பை, பழுப்பாக்கிக்கொண்டிருப்பார். ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றுகள் மழையில் கரைந்து, வெயில் வந்ததும் மீண்டும் மெல்லத் திரண்டு நிற்கும். வண்ணம் காயும்வரை தூரிகையைக் கிண்ணத்தில் சாய்த்துவிட்டு, எல்ஸி அம்மையார் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கப் பார்க்க அந்த ஈரப் பழுப்புக்குள் யாரோ கருவாடு பொரிப்பதும், யாரோ கொடியில் துணி உலர்த்துவதும், தொட்டிலில் ஒரு குழந்தை புரண்டு படுப்பதும் அவருக்குத் தெரியும். யாரேனும் கூப்பிட்டால் தூக்கத்திலிருந்து வருபவர் போலத்தான் திரும்புவார்.

அப்படித் தீட்டிய பழுப்பு ஒன்றுக்குள் ராக்காயி அம்மாளின் மாவு மில் அகப்பட்டுக்கொண்டது.

அந்த மில்லை ராக்காயியும் அவர் கணவர் சன்னாசியும் தொடங்கியபோது சுற்றிலும் ரப்பர் மரங்கள்தாம். சாலையோரத் துண்டு நிலத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு மெஷின். மிளகாயும் மல்லியும் அரிசியும் சுமந்துகொண்டு தோட்டத்துச் சனங்கள் வரிசையில் நிற்பார்கள். பிறகு தோட்டம் துண்டுதுண்டாக விலைபோனது. மரங்கள் போயின, சன்னாசியும் போனார். வெட்டவெளியில் வீடுகள் முளைத்து, அந்த இடத்துக்குத் தாமான் என்று பெயரும் வந்தது. நடுவில் ராக்காயி மட்டும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அரைத்துக்கொண்டே இருந்தார். மதியத்தில் அந்த மெஷினின் ஓசை, பக்கத்து அறையில் யாரோ தாலாட்டுவது போல ஒரே சீராகத் தாமான் முழுதும் பரவும். வறுத்த மல்லியின் வாசனை வீடு வீடாக நுழைந்து வெளியேறும்.

எல்ஸி அம்மையாரும் மாதம் ஒரு முறை பஸ் பிடித்துப் போய் அங்கேதான் அரைப்பார். திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு, அரைபடும் நேரத்தில் ராக்காயியோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது ஒரு பழக்கம். அக்கா என்று இவர் அழைக்க, எல்ஸி என்று அவர் அழைக்க, பல ஆண்டுகள் அப்படியே ஓடின.

1979ஆம் ஆண்டு தாமான்வாசிகள் மனுக் கொடுத்தார்கள். மிளகாய்த் தூள் காற்றில் வருகிறது, காயப்போட்ட துணி சிவக்கிறது, பிள்ளைகள் இருமுகிறார்கள், வீட்டுப் பகுதியில் மில் எதற்கு என்று கேட்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு முன்னின்ற ஆசிரியர் ஜெயபாலனின் மகனுக்கு இழுப்பு நோய். ஜன்னலைத் திறந்துவைத்து அந்தப் பிள்ளை தூங்கி மாதக்கணக்காகியிருந்தது. கழகம் இரு தரப்பையும் விசாரணைக்கு அழைத்தது. சட்டம் சொன்னது இதுதான்: வீட்டுப் பகுதியென்று வகுக்கப்படும் முன்பே இருந்த தொழிலை, இருந்த அளவிலேயே தொடர்ந்து நடத்தலாம், பெருக்கக் கூடாது. பெருக்கியது தெரிந்தால் இருந்ததும் போகலாம்.

ராக்காயிக்குச் சந்தை மலாய் வரும். சபை மலாய் வராது. மொழிபெயர்க்க எல்ஸி அம்மையாரை நியமித்தார்கள். செய்தி கேட்டதும் ராக்காயி மகிழ்ந்து அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“என் வாயில நல்லா வராது எல்ஸி. நீ பார்த்து அழகா சொல்லிடு.”

“நீங்க சொல்றத அப்படியே சொல்லுவேங்க்கா. கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்.”

அது வாக்குறுதி என்று ராக்காயி எடுத்துக்கொண்டார். அதற்குள் ஓர் எச்சரிக்கையும் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

விசாரணை நாளன்று மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. மாடி அறையில் நீண்ட மேசை. அதன்மேல் எல்ஸி அம்மையார் தீட்டிய அதே படம். அதிகாரி பொறுமைசாலி, நிதானமாகக் கேட்டார். மில் எப்போதிருந்து இருக்கிறது என்ற கேள்விக்கு, தோட்டம் இருந்த நாளிலிருந்து என்றார் ராக்காயி. தாமான்காரர்களும் அதை மறுக்கவில்லை. அன்று இருந்தது போலவே இன்றும் நடக்கிறதா என்று அதிகாரி கேட்டார்.

ராக்காயி நிமிர்ந்து உட்கார்ந்தார். கணவரை இழந்த பின்பும் தொழிலைத் தூக்கி நிறுத்தியவர் அல்லவா? அந்தப் பெருமை முகத்தில் தெரிந்தது.

“அன்னிக்கு மாதிரியே எங்கய்யா? போன வருஷம் இன்னொரு பெரிய மெஷின் வாங்கிப் போட்டிருக்கேன். டவுன் கடைக்காரனுக்கெல்லாம் அதுலதான் அரைக்கிறேன், காலையிலருந்து பொழுது சாயற வரைக்கும்.”

அந்த நேரத்தில்தான் மழை கொட்டத் தொடங்கியது. தகரக் கூரைமேல் விழுந்த இரைச்சலில் அறையே தண்ணீருக்கடியில் போய்விட்டது போலிருந்தது என்று எல்ஸி அம்மையார் பின்னாளில் எங்களிடம் சொன்னார். மேசைமேல் கிடந்த பழுப்பு நிறம் மழை வெளிச்சத்தில் அசைந்தது. அதற்குள்ளே ராக்காயி அக்கா தலையில் துண்டோடு நின்று அரைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், மூடிய ஜன்னலுக்குள் ஒரு பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். ஒரே ஒரு வாக்கியம். அதை விழுங்கிவிட்டால் அக்கா பிழைத்துக்கொள்வார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. முதுகுப் பக்கம் அமர்ந்திருந்த ஜெயபாலனுக்குத் தெரியும் என்பது அந்தக் கணத்தில் அவர் நினைவிலேயே இல்லை. தாம் பேசாமலிருந்தது எவ்வளவு நேரம் என்றும் அவருக்குத் தெரியாது. அதிகாரி தலை நிமிர்ந்து பார்த்தபோதுதான் விழித்துக்கொண்டார்.

முழுவதையும் சொன்னார். பெரிய மெஷினையும் சொன்னார், டவுன் கடைகளையும் சொன்னார், பொழுது சாய்வதையும் சொன்னார்.

அதிகாரியின் பேனா ஓடியதைப் பார்த்ததும் ராக்காயியின் முகம் மாறியது. என்ன சொன்னாய் என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“நீங்க சொன்னதத்தான்க்கா சொன்னேன்.”

அடுத்து ஜெயபாலனின் முறை. மில்லை அடியோடு மூடச் சொல்லிப் பேசத்தான் அவர் வந்திருந்தார். வழக்கும் இப்போது அவர் கைக்குள் வந்துவிட்டது. அவரோ எழுந்து, கையிலிருந்த குறிப்புத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு மலாயில், தாங்கள் வீடு வாங்கியபோதே பழைய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தைத் தெரிந்துதான் வாங்கினோம், பெரிய மெஷின் வந்த பிறகுதான் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது, அதை எடுத்துவிட்டால் எங்களுக்குப் போதும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவரோடு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை.

மாடிப்படியில் ஜெயபாலன் எல்ஸி அம்மையாருக்காகக் காத்திருந்தார்.

“நீங்க அத மறைச்சிருந்தா எழுந்து நின்னு சொல்லியிருப்பேன். மறைக்கல. அப்புறம் நான் மட்டும் எப்படி பாதி உண்மைய சொல்றது?”

எல்ஸி அம்மையார் அவருக்குத் தலையசைத்தார். சுருட்டிய படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கினார்.

தீர்ப்பு சில வாரங்களில் வந்தது. பழைய மில் இருந்தபடியே இருக்கலாம். மிளகாயைக் காலையில் மட்டும் அரைக்க வேண்டும். கொட்டகைக்குச் சுவர் எழுப்ப வேண்டும். பெரிய மெஷின் வெளியேற வேண்டும். அது விலைபோய், லாரியேறிக் கமுந்திங் ஊர்ப் பக்கம் போன அன்று ராக்காயி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். டவுன் கடைக்காரர்களும் வேறு மில் தேடிப் போய்விட்டார்கள்.

அலுவலகத்திலும் சிலர், ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருந்தால் ஒரு பொம்பளை வாழ்ந்திருப்பாளே என்று முணுமுணுத்தார்கள். எல்ஸி அம்மையார் யாரோடும் வாதாடவில்லை. அடுத்த மாதமும் மல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு அதே மில்லுக்குப் போய் வரிசையில் நின்றார். ராக்காயி பையை வாங்கினார், அரைத்தார், கொடுத்தார். பேசவில்லை. பெஞ்சில் உட்காரச் சொல்லவும் இல்லை. அதற்கு அடுத்த மாதமும் அப்படியே. தீபாவளி வந்தது, கிறிஸ்மஸ் வந்தது, மறுபடியும் வந்தன. எத்தனையோ மில்கள் டவுனிலேயே இருக்க, கூடப் பிறந்தவள் போலப் பழகியவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடத்துக்கே இவர் போய் நின்றார். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், சூடு ஆறாத மாவுப் பை மடியில் இருக்க, அந்த மதியத்து மழை தமக்குள் பெய்துகொண்டே இருந்தது என்று ஒரே ஒரு முறை எங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஒரு நாளும் நினைத்ததில்லை என்றும், வலிக்காத நாளும் இல்லை என்றும் சொன்னார்.

1982ஆம் ஆண்டின் பனிமூட்டமான ஒரு காலையில் எங்கள் அலுவலகப் படியில் யாரோ ஏறி வரும் ஓசை கேட்டது. சேலையிலும் புருவத்திலும் மாவு படிந்திருக்க, பனி வெளிச்சத்தில் மங்கலாக ஒளிரும் உருவமாக ராக்காயி அம்மாள் உள்ளே வந்தார். என்ன வேண்டும் என்று எங்களில் இருவர் எழுந்து கேட்டோம். அவர் நிற்கவில்லை. எல்ஸி அம்மையாரின் மேசை முன்னால் போய் நின்றார்.

மில் நிலத்தை வாங்க ஒரு நிறுவனத்து ஆட்கள் வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்களாம். கூடவே தமிழ் பேசும் ஓர் ஆளையும் கூட்டி வந்து, இனிக்க இனிக்கச் சொல்லச் சொல்கிறார்களாம்.

“அவங்கள ஒக்கார வச்சிட்டு வந்திருக்கேன். நீ வா. அவன் சொல்றது எதுன்னாலும் ஒன் வாயால கேட்டாத்தான் நான் நம்புவேன்.”

அத்தனை மாதங்களுக்குப் பின் அவர் பேசிய முதல் பேச்சு அது. எல்ஸி அம்மையார் தூரிகையைக் கழுவக்கூட இல்லை. விடுப்புச் சொல்லிவிட்டு, ராக்காயியின் பின்னால் படியிறங்கிப் போனார். அன்று அந்த ஆட்கள் சொன்ன ஒவ்வொன்றையும், நல்லதையும் நயவஞ்சகத்தையும் ஒரே குரலில் எடுத்துச் சொன்னாராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ராக்காயி நிலத்தை விற்பதில்லை என்று முடிவு செய்தார். ஆட்கள் எழுந்து போன பிறகு பெஞ்சில் படிந்திருந்த மாவை முந்தானையால் துடைத்துவிட்டு, “ஒக்காரு” என்றார். மில் இன்றும் காலையில் ஓடுகிறது.

அம்மையீர்! இனி உங்களிடமே பேசுகிறோம்.

விடியலின் விரைவும் வேலைநாளின் விசாரமும் இனி உங்களை விட்டு விலகட்டும். மழை பெய்யும் மதியங்களில் யாரும் எழுப்பாத மென்துயில் வாய்க்கட்டும். கண்ணொளி குன்றாமலும் கைநடுக்கம் அண்டாமலும், ஆண்டவன் அருளால் ஆயுளும் ஆரோக்கியமும் அன்பர் சூழலும் பெருகி நீங்கள் நெடிது வாழ வேண்டுகிறோம். இப்போதே ஒன்றும் தெரிவித்துவிடுகிறோம்: முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ராக்காயி அம்மாள், இந்த மடலைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டும் முன் தமக்கு ஒரு முறை வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறார். எங்கள் வாசிப்பில் அவருக்கு நம்பிக்கை இல்லையாம். ஆகவே, எழுந்து வாருங்கள் எல்ஸி அம்மா. உங்கள் வாயாலேயே வாசித்துவிடுங்கள்.

அன்பில் நனைந்து நிற்கும்,
திட்டப் பிரிவின் தமிழ்ப் பணியாளர்கள்,
ஈப்போ.