அணைச் சங்கு

— மறுபடியும் அமுக்கிட்டேன் பாப்பா. இங்க அணையில சங்கு ஊதவே மாட்டேங்குது. திரையில சிவப்பா ஏதோ வருது.

— படிங்க மாமா.

— கிளாஸ் நாட் ஃபவுண்ட். அதுக்குப் பின்னாடி கூட்ஸ் வண்டி நீளத்துக்கு ஒரு பேரு.

— புரிஞ்சிடுச்சு. சங்கு ஊதுற புரோகிராம் துண்டுதான் கிளாஸ், அதைப் பேரைச் சொல்லித்தான் மெயின் புரோகிராம் கூப்பிடும். போன வாரம் எங்க ஆபீஸ்ல இந்தப் புரோகிராம் எல்லாத்தையும் புதுசா அடுக்குனாங்க. கிளாஸ் வேற பேக்கேஜுக்குப் போய் முழுப்பேரும் மாறிடுச்சு, செட்டிங்ஸ் ஃபைல்ல பழைய பேரே கெடக்கு.

— வீடு மாறிப் போனவனைப் பழைய வாசல்ல நின்னு கூப்பிடுற மாதிரியா?

— அதேதான். இதோ மாத்துறேன்.

— சீக்கிரம்மா. தண்ணி விளிம்பைத் தொட்டுடுச்சு. மதகைத் திறக்கலைன்னா அணையே போயிடும். சங்கு ஊதாம திறந்தா நம்ம ஆத்தோரத் தெருவுல அத்தனை பேரும் தட்டுல கை வெச்சபடியே போயிடுவாங்க.

— கையால ஊதுற பொத்தான் ஒண்ணு இருந்துச்சே?

— கம்ப்யூட்டர் வந்ததும் அதைக் கழட்டிட்டாங்க. ஆள் அனுப்பலாம்னா பாலம் முழுகிக் கெடக்கு. ஆமா, எங்க அக்காவை, உங்கம்மாவை, ஏத்திட்டுப் போக வண்டி வந்துச்சா? அவளால ஒரு அடி எடுத்து வைக்க முடியாதே.

— வந்துச்சு மாமா. மேட்டுக்கு வந்துட்டோம். பேரை மாத்திட்டேன், அமுக்குங்க.

— சிவப்பு போயிடுச்சு! ஆனா... சத்தத்தைக் காணோமே.

— கொஞ்சங்கூடவா?

— கல்லாட்டம் கெடக்கு.

— ஐயோ. கிளாஸ் ஏறிடுச்சே, அப்புறம் ஏன்... மாமா, கிளாஸுக்குள்ள எந்த மெத்தடை, அதாவது எந்த வேலையை, ஓட்டணும்னு அது தலைமேல ஒரு குறி போட்டிருக்கும். அனோட்டேஷன்னு சொல்லுவோம். அதைப் பாத்துத்தான் புரோகிராம் ஓட்டும். குறி இருக்கு, நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அதோட கண்ணுக்குத்தான் படல.

— எனக்கு எதுக்குடி பாடம்? மேலிடத்துலேர்ந்து போன் மேல போன். இங்க தரையே அதிருது!

— சத்தமா சொன்னாத்தான் எனக்கு ஓடும், திட்டாதீங்க. இந்தா! ரிடென்ஷன் வரியே இல்ல. ஓடும்போதும் குறி நிக்கணும்னு ஒரு வரி எழுதணும் மாமா, இல்லைன்னா கிளாஸ் ஏறும்போதே அது உதிர்ந்துடும். புதுசா எழுதினவங்க விட்டுட்டாங்க.

— அழாத பாப்பா. எழுது.

— எழுதிட்டேன். கம்பைல் ஆகுது... ஆகு, ஆகு... ஆயிடுச்சு. அனுப்பிட்டேன். ரீஸ்டார்ட் பண்ணி அமுக்குங்க.

— இரு, எந்திரிக்குது... அமுக்கிட்டேன். ஊதுது! பாப்பா, ஊதுதுடி! காதே அடைக்குது!

— எப்ப திறப்பீங்க?

— கால் மணி நேரம். அதுக்கு மேல ஒரு நொடி தாங்காது. அதுக்குள்ள ஜனங்க ஏறிடுவாங்க. ஊரையே காப்பாத்திட்ட நீ! என்னது, உன் பக்கமும் ஊதுற மாதிரி இருக்கு? என் சங்குதான் போன்ல திரும்பிக் கேக்குதா?

— இல்ல மாமா. நம்ம தெருக் கம்பத்துல ஊதுது.

— நம்ம தெருவா? ஏய்... வண்டி வந்துச்சுன்னியே! அக்கா எங்கடி?

— உண்மையைச் சொல்லியிருந்தா நீங்க மதகுல கை வெச்சிருக்க மாட்டீங்க. அம்மாவை முதுகுல கட்டிட்டேன், கெளம்புறேன். நேரம் ஆனதும் திறந்துடுங்க மாமா, எங்களுக்காக நிக்காதீங்க.