தெயானோ உடைத்த முட்டைகள்

என் பெயர் தெயானோ கராதிமு. வயது நாற்பத்தாறு. கோவேறு கழுதையில் சுமை ஏற்றிப் பிழைத்துவந்த, காலமான லாம்ப்ரோஸின் மனைவி. கிரீஸ் நாட்டு வோலோஸ் நகருக்கு மேலே மலையில் உள்ள கரிதோவ்ரிசி கிராமத்தில் குடியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியும். இந்த வாக்குமூலத்துக்காக என்னை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

1943 அக்டோபர் முதல் வாரத்தில், வோலோஸ் துணிக்கடைக்காரர் ஒருவரின் மகள்கள் அலெக்ரா, வயது பதினொன்று, ரிகூலா, வயது ஏழு, என் வீட்டுக்கு வந்தார்கள். யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சலோனிகாவில் ஜெர்மன்காரர்கள் யூதர்களைக் குடும்பத்தோடு ரயிலில் ஏற்றியது ஊரறிந்த விஷயம். பிள்ளைகள் வந்ததும் நான் இருவருக்கும் ஆர்கிரோ, லெனியோ என்று பெயர் வைத்து, என் தங்கை பிள்ளைகள் என்று ஊரில் சொல்லி, சிலுவைக் குறி போடவும் ஜெபம் சொல்லவும் பழக்கினேன். பாதிரியாரே நம்பினார். அடுப்படியைத்தான் மறந்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நவம்பர் ஒன்பதாம் தேதி காலை பத்து மணியளவில் காவலர் ஸீசிஸ் வந்து, பசிக்கிறது என்று அடுப்பருகே உட்கார்ந்தார். அலெக்ரா அவருக்காக ஒரு முட்டையைக் கண்ணாடிக் குவளையில் உடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ரத்தப் பொட்டு இருந்ததால் சன்னல் வழியே கொட்டிவிட்டாள். ரத்தம் கண்ட முட்டையை யூதர்கள் உண்பதில்லை. அவள் தாய் அப்படிப் பழக்கியிருந்தாள். ஊரே பட்டினி கிடக்கும் காலத்தில் வேறு யார் முட்டையைக் கொட்டுவார்கள்?

ஸீசிஸ் அவளையே பார்த்துவிட்டு, "யக்கா, வோலோசுல யூதர் வீட்டுலதான் இப்படிப் பாத்திருக்கேன்" என்றார்.

அதன் பிறகு நான் பிள்ளைகளிடம், கொல்லையில் ஆட்டைப் பிடித்துக் கட்டச் சொன்னேன். என்னிடம் ஆடு கிடையாது. அலெக்ரா தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியே போனாள்.

அவர் எழுந்தார். நான் முட்டைக் கூடையை எடுத்து, "உக்காருப்பா. எங்க வீட்டு வழக்கம் இது. கண்ணால பாத்துட்டுப் போ" என்று சொல்லி, ஒவ்வொன்றாகக் குவளையில் உடைத்து, பார்த்து, குற்றம் சொல்லித் தரையில் கொட்டினேன். ஏழாவதில் அவர் என் கையைப் பிடித்து, "ஒண்ணையாவது விடுக்கா" என்று கெஞ்சினார். விடவில்லை. பதினொன்றையும் கொட்டினேன். அதன் பிறகு அவர் கொல்லைக்கு ஓடிப் பார்த்தபோது யாரும் இல்லை. என்னை இந்தக் காவல் நிலையத்துக்குக் கூட்டிவந்தார்.

பிள்ளைகள் இப்போது இருக்கும் இடம் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

இதுவரை எழுதிய அதிகாரி நல்ல மனிதர். இனி நானே எழுதுகிறேன். "யூதப் புள்ளைங்கன்னு தெரியாம வச்சிருந்தேன்னு போட்டுக்கிறேன். இன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்" என்றார், போட்டும்விட்டார். என்னை வாசிக்கச் சொன்னபோது பேனாவை வாங்கி, 'தெரியாமல்' என்ற சொல்லை நானே அடித்தேன். தெரிந்துதான் வைத்திருந்தேன். இன்னும் இருவர் வந்தாலும் வைப்பேன்.

நான் அடித்த அந்த ஒரு சொல் நீங்கலாக, மேலே எழுதியது எல்லாம் உண்மை.

(ஒப்பம்) தெயானோ கராதிமு